விற்பதற்கு முன் வீட்டை ஒழுங்குபடுத்துவதால் உண்மையில் என்ன லாபம்?

கேள்வி இதுதான்: "வீட்டை விற்க முடிவு செய்திருக்கிறோம். விளம்பரம் போடுவதற்கு முன் ஹோம் ஸ்டேஜிங் (விற்பதற்காக வீட்டை ஒழுங்குபடுத்துவது) செய்யுங்கள் என்று தரகர் சொல்கிறார். வாங்குபவர் எப்படியும் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளத்தானே போகிறார்? இதற்கு நாம் ஏன் செலவு செய்ய வேண்டும்? கூடுதல் விலை கிடைக்குமா?"

செய்யுங்கள் என்பதே என் பதில். ஆனால் இவ்வளவு போட்டால் இவ்வளவு கூடுதலாக வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். முதலில் வரும் லாபம் விலையில் தெரியாது. படத்தைப் பார்த்தவர்களில் அதிகம் பேர் நேரில் வருவார்கள். வந்தவர்கள் உங்கள் சாமான்களைக் கவனிக்காமல் வீட்டைக் கவனிப்பார்கள். வீடு சீக்கிரம் கைமாறும். பேரத்தின்போது நீங்கள் இறங்கி வர வேண்டிய கட்டாயம் குறையும். இவை எல்லாம் நடந்தால் விலையும் கூடவே தேறும். இந்த வரிசை புரிந்துவிட்டால், எதற்குச் செலவழிப்பது, எதை அப்படியே விட்டுவிடுவது என்பதும் தெளிவாகிவிடும்.

ஸ்டேஜிங் என்றால் வீட்டைப் புதுப்பிப்பது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சுவரை இடிப்பதும் சமையலறையை மாற்றிக் கட்டுவதும் இதில் சேராது. உள் அலங்காரமும் இதுவும் ஒன்றல்ல. உள் அலங்காரம் அந்த வீட்டில் வாழ்கிறவரின் ரசனைக்காகச் செய்வது. ஸ்டேஜிங் இன்னும் வீட்டுக்குள் காலெடுத்து வைக்காத, யாரென்றே தெரியாத ஒருவருக்காகச் செய்வது. இருக்கிற வீட்டை, இருக்கிற சுவர்களோடு, அவர் தன் வீடாக எண்ணிப் பார்ப்பதற்கு வசதியாக ஒழுங்குபடுத்துகிறோம், அவ்வளவுதான். இதை ஒரு தொழிலாக உருவாக்கியவர் என்று பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற அமெரிக்கத் தரகரைச் சொல்வார்கள். 1970களின் தொடக்கத்தில் சியாட்டில் பகுதியில் வீடுகளை விற்றுக்கொண்டிருந்தவர் அவர்.

சரி, ஒழுங்குபடுத்த வேண்டிய அவசியம் என்ன? உங்கள் வீட்டை உங்களால் ஒரு வெளியாளைப் போலப் பார்க்க முடியாது என்பதுதான் முதல் காரணம். இது யாருடைய குறையும் இல்லை, மனித மனம் அப்படி. 1990இல் டேனியல் கானெமான், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் வெளியிட்ட ஒரு சோதனை பொருளாதாரம் படித்தவர்களிடையே மிகவும் பிரபலம். ஒரு குழுவில் பாதிப் பேருக்குக் காப்பிக் கோப்பை கொடுத்தார்கள், மீதிப் பேருக்குக் கொடுக்கவில்லை. பிறகு, வைத்திருப்பவர்கள் என்ன விலைக்குத் தருவார்கள், இல்லாதவர்கள் என்ன விலைக்கு வாங்குவார்கள் என்று கேட்டார்கள். சற்று முன்புதான் கைக்கு வந்த கோப்பைதான் அது. இருந்தும் வைத்திருந்தவர்கள் சொன்ன விலை, வாங்குபவர்கள் சொன்னதைப் போல ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. ஒரு கோப்பைக்கே இப்படி என்றால், பிள்ளைகள் வளர்ந்த வீட்டுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சுவரில் இருக்கும் பென்சில் கோடுகள் உங்களுக்குப் பிள்ளையின் உயரம். பார்க்க வருபவருக்கு அது பெயின்ட் அடிக்க வேண்டிய சுவர்.

மூக்கும் இப்படித்தான். ஒரே வாசனையில் தொடர்ந்து இருந்தால் கொஞ்ச நேரத்திலேயே அது நமக்குத் தெரியாமல் போய்விடும். வளர்ப்புப் பிராணி, ஈரத் துணி, புகை, பழைய கம்பளம், அடைத்துக் கிடக்கும் அறை எல்லாம் வெளியிலிருந்து வருபவருக்குக் கதவு திறந்த உடனே தெரியும், உங்களுக்குத் தெரியாது. வாசனைத் திரவியம் தெளித்து மறைக்கப் பார்க்காதீர்கள். தூக்கலான நறுமணம் வந்தால், எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணம்தான் வரும். வெளியாள் ஒருவரை அழைத்து, மனம் நோகுமே என்று பார்க்காமல் உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். காரணத்தைக் கண்டுபிடித்துக் கழுவுங்கள், காய வையுங்கள், ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். செலவே இல்லாத இந்த ஒரு வேலை பல வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறது.

இரண்டாவது காரணம் வாங்குபவரின் பக்கம் இருக்கிறது. "அவர் மாற்றிக்கொள்ளத்தானே போகிறார்" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான், வாங்கிய பிறகு மாற்றுவார். ஆனால் வாங்கலாமா என்று முடிவெடுக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், இல்லாத ஒன்றை மனக்கண்ணில் காண்பது பெரும்பாலானவர்களுக்குச் சிரமம். கட்டடக் கலைஞர் ஒருவர் நெரிசலான அறையைப் பார்த்தால் நாலு சுவரையும் அளவையும் மட்டும் பார்ப்பார். மற்றவர்கள் நெரிசலைத்தான் பார்ப்பார்கள். படுக்கையறையில் தையல் இயந்திரம், உடற்பயிற்சிக் கருவி, அட்டைப் பெட்டிகள் எல்லாம் இருந்தால் இந்த வீட்டில் இடம் போதவில்லை என்ற செய்திதான் போய்ச் சேரும். அறையின் அளவைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாலும் அந்த எண்ணம் எளிதில் மாறாது.

முற்றிலும் காலியான அறையிலும் இதே சிக்கல் வேறு விதமாக வரும். ஒன்றுமில்லாத அறை பெரிதாகத் தெரியும் என்று நினைப்போம். பல நேரங்களில் சிறிதாகத்தான் தெரிகிறது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. இதில் கட்டில் போட்டால் அலமாரிக்கு இடம் இருக்குமா, சாப்பாட்டு மேசை போட்டால் நாற்காலியை இழுக்க முடியுமா என்ற சந்தேகம் வரும். ஒரு கட்டிலும் பக்கத்தில் ஒரு சிறு மேசையும் போட்டு வைத்தால் அந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். தவிர, காலி அறையில் கண் வேறெங்கும் போக வழியில்லாமல் தரையின் கீறலிலும் சுவரின் விரிசலிலும் போய் நிற்கும்.

இப்போது நீங்கள் கேட்ட விலைக்கு வருகிறேன். இந்தத் துறையில் இருப்பவர்கள் மிகைப்படுத்திப் பேசுகிற இடம் இதுதான், அதனால் ஆதாரத்தோடு பார்ப்போம்.

அமெரிக்காவின் தேசிய ரியல்டர்கள் (வீட்டுத் தரகர்கள்) சங்கம் ஸ்டேஜிங்கைப் பற்றித் தன் உறுப்பினர்களிடம் அவ்வப்போது கருத்துக் கணிப்பு நடத்துகிறது. 2023ஆம் ஆண்டுக் கணிப்பில், வாங்குபவர் தரப்புத் தரகர்களில் 81 சதவீதம் பேர், ஸ்டேஜிங் செய்த வீட்டைத் தன் எதிர்கால வீடாகக் கற்பனை செய்வது வாங்குபவருக்கு எளிதாக இருக்கிறது என்றார்கள். ஆனால் அதனால் வாங்குபவர் தர முன்வரும் விலை 1 முதல் 5 சதவீதம் வரை உயர்ந்தது என்று சொன்னவர்கள் சுமார் ஐந்தில் ஒருவர்தான். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். உதவுகிறது என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள், விலையில் எவ்வளவு என்று கேட்டால் குரல் இறங்கிவிடுகிறது. இது தரகர்களின் அபிப்பிராயம், அளந்து பார்த்த முடிவு இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அளந்து பார்க்க முயன்றவர்களும் இருக்கிறார்கள். மார்க் லேன், மைக்கேல் சைலர், விக்கி சைலர் ஆகியோர் 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே வீட்டைக் கணினி வழியாகச் சுற்றிப் பார்க்கும் வகையில் அமைத்து, சுவர் நிறத்தையும் அறைகலன்களையும் மட்டும் மாற்றினார்கள். ஒன்றில் உறுத்தாத இள நிறம், ஒன்றில் கண்ணைப் பறிக்கும் ஊதா. ஒன்றில் நல்ல அறைகலன், ஒன்றில் மோசமானது, ஒன்றில் எதுவுமே இல்லை. 800க்கும் மேற்பட்டவர்களுக்கு இவற்றைக் காட்டி விலை கேட்டார்கள். நன்றாக ஒழுங்குபடுத்திய வீடு மேலான அபிப்பிராயத்தைப் பெற்றது. ஆனால் அவர்கள் தரத் தயாராக இருந்த விலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.

இதைக் காட்டி ஸ்டேஜிங் வீண் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சோதனையில் எல்லோரும் வீட்டை உட்கார்ந்து முழுதாகப் பார்த்தார்கள். நிஜ வாழ்க்கையில் உங்கள் வீட்டை யாரும் அப்படிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கவில்லை. படம் பிடிக்கவில்லை என்றால் விரலால் தள்ளிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். பார்க்கவே வராதவர் என்ன விலை கொடுத்திருப்பார் என்று எந்தச் சோதனையும் சொல்லாது. ஒருவரே வந்து கேட்பதற்கும், ஒரே வாரத்தில் நாலு பேர் வந்து கேட்பதற்கும் பேரத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று விற்றவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. ஸ்டேஜிங் செய்த வீடுகள் இத்தனை நாளில் விற்றன, செய்யாதவை இத்தனை நாள் கிடந்தன என்று ஒப்பிட்டு எண்கள் காட்டுவார்கள். அவற்றை அப்படியே நம்ப வேண்டாம். ஸ்டேஜிங் செய்ய முன்வருபவர் பொதுவாக வீட்டை நன்றாகப் பராமரித்தவராக இருப்பார், விலையை நியாயமாக வைப்பார், நல்ல தரகரை அமர்த்துவார். சீக்கிரம் விற்றதில் இவை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்த எண்களால் முடியாது.

ஆனால் நாள் நீண்டால் விலை போகும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். விற்காமல் கிடக்கும் வீட்டை விளம்பரப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி சேர்ப்பார்கள். எத்தனை நாளாகச் சந்தையில் இருக்கிறது என்ற எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும், புது வீடு போலத் தெரியும். 2006இல், தரகர்களின் வீட்டு விளம்பரங்களைத் தொகுத்துத் தரும் அங்குள்ள பட்டியல் சேவை இந்த வழியை அடைத்தது. பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்டோடு ஒப்பிட்டு கேத்தரின் டக்கர் உள்ளிட்ட மூவர் இதை ஆராய்ந்தார்கள். நாள் எண்ணிக்கை வெளிப்படையாகத் தெரியத் தொடங்கியதும் வீடுகள் விற்ற விலை குறைந்ததைக் கண்டார்கள். இத்தனை நாளாக யாரும் வாங்கவில்லை என்றால் ஏதோ காரணம் இருக்கும் என்று நினைப்பது மனித இயல்பு. அந்தச் சந்தேகம் எழுவதற்கு முன்பே வீட்டை விற்றுவிட உதவுவதுதான் ஸ்டேஜிங்கின் பெரிய லாபம் என்பேன்.

ஆகவே செலவைக் கணக்குப் பார்க்கும்போது, வீட்டு விலை எவ்வளவு ஏறும் என்று பார்க்காதீர்கள். வீடு இன்னும் ஒரு மாதம் விற்காமல் இருந்தால் கடன் வட்டி, வரி, காப்பீடு, பராமரிப்பு என்று எவ்வளவு போகும் என்று எழுதிப் பாருங்கள். அப்புறம், விற்கவில்லையே என்று முதன்முறை விலையைக் குறைக்கும்போது வழக்கமாக எவ்வளவு குறைப்பார்கள் என்று தரகரிடம் கேளுங்கள். இந்த இரண்டையும் கூட்டி வரும் தொகைக்கு முன்னால், சுத்தம் செய்வதற்கும் பெயின்டுக்கும் ஆகும் செலவு பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும்.

பேரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் அதிகம் கைநழுவுவது அங்கேதான். சொட்டும் குழாய், சரியாக மூடாத கதவு, எரியாத விளக்கு, தளர்ந்த கைப்பிடி. இவை ஒவ்வொன்றும் அரை மணி நேர வேலை. ஆனால் வாங்க வருபவர் அதை அரை மணி நேர வேலையாகப் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரிவதையே கவனிக்காதவர்கள் கண்ணுக்குத் தெரியாத குழாயையும் மின்கம்பியையும் எங்கே கவனித்திருப்பார்கள் என்று நினைப்பார். உடனே மனசுக்குள் ஒரு பெரிய தொகையைக் கழித்துக்கொள்வார். பழுதுக்கு உண்மையில் ஆகும் செலவை விட அவர் கழிக்கும் தொகை பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும், தெரியாத செலவுக்கு யாரும் தாராளமாகவே ஒதுக்கி வைப்பார்கள். நீங்களே முன்கூட்டிச் சரிசெய்தால் உண்மையான செலவு மட்டும்தான்.

எங்கே தொடங்குவது? குறைப்பதில்தான். அறையில் இருக்கும் பொருள்களில் கணிசமான பகுதியை வெளியேற்றுங்கள். எப்படியும் வீடு மாறப் போகிறீர்கள், பாதி மூட்டையை இப்போதே கட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, எறிய வேண்டியதை எறிந்து, மீதியை வேறிடத்தில் வையுங்கள். எல்லாவற்றையும் அலமாரிக்குள் திணித்து மூடிவிடுவது உதவாது. வருபவர்கள் அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள், அதற்கு அவர்களுக்கு உரிமையும் உண்டு, சுவரோடு சேர்ந்த அலமாரியும் அவர்கள் வாங்கப்போகும் வீட்டின் பகுதிதானே. பிதுங்கி வழியும் அலமாரி இந்த வீட்டில் பொருள் வைக்க இடமில்லை என்று சொல்லும். பாதி காலியாக இருந்தால் இடம் மிச்சமிருக்கிறது என்று சொல்லும். சமையலறை மேடையும் அப்படித்தான், தினமும் தொடாத கருவிகள் எல்லாம் உள்ளே போகட்டும்.

குடும்பப் படங்களையும் விருதுகளையும் எடுத்துவிடச் சொல்வார்கள், பலருக்கு இது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அந்தப் படங்கள் இருக்கும்வரை வருபவர் ஒருவருடைய வீட்டுக்கு வந்த விருந்தாளியாகவே உணர்வார், விருந்தாளி தயங்கித் தயங்கித்தான் பார்ப்பார். இதற்குப் பாதுகாப்புக் காரணமும் உண்டு. முன்பின் தெரியாத பலர் உங்கள் வீட்டு அறைகளில் நடமாடப் போகிறார்கள், படங்கள் இணையத்தில் வரப் போகின்றன. பிள்ளைகளின் முகம், பள்ளியின் பெயர், வங்கிக் கடிதங்கள், மருந்துகள், நகை, சாவிக்கொத்து எதுவும் கண்ணில் படக் கூடாது.

அடுத்தது சுத்தம். தினசரி சுத்தத்தைச் சொல்லவில்லை. ஜன்னல் கண்ணாடியின் இரு பக்கமும், மின்விசிறி இறக்கைகள், சுவிட்சைச் சுற்றியுள்ள கைரேகை, குளியலறை ஓடுகளின் இடுக்கு, வாஷ்பேசினைச் சுற்றி இடுக்கை அடைக்கப் போட்ட சீலன்ட் பசை, கதவின் மேல் விளிம்பு. கறுத்துப்போன பழைய சீலன்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் குளியலறைக்குப் பத்து வயது குறையும். கொஞ்சச் செலவில் இவ்வளவு மாற்றம் தரும் வேலை வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வெளிச்சத்தில் மட்டும் கொஞ்சம் அக்கறையாக இருங்கள். கனமான திரைகளை விலக்குங்கள், ஜன்னலை மறைக்கும் செடியையோ அலமாரியையோ நகர்த்துங்கள். ஒரே அறையில் ஒரு பல்ப் மஞ்சளாகவும் இன்னொன்று நீல வெள்ளையாகவும் எரிந்தால் நேரில் அவ்வளவாகத் தெரியாது, படத்தில் சுவர் திட்டுத் திட்டாகத் தெரியும். வாழும் அறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே வகை பல்ப் போடுங்கள், 2700 முதல் 3000 கெல்வின் என்று அட்டையில் இருந்தால் இதமான ஒளி. இருண்ட மூலை இருந்தால் அங்கே ஒரு நிலை விளக்கு வையுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு கண்ணாடி மாட்டினால் வரும் வெளிச்சம் திரும்பி அறைக்குள் பரவும், ஆனால் அந்தக் கண்ணாடியில் எது பிரதிபலிக்கிறது என்று பார்த்து மாட்டுங்கள்.

பெயின்ட் அடிப்பதாக இருந்தால் உறுத்தாத இள நிறம். வெறும் வெள்ளை சில அறைகளில் குளிர்ச்சியாகத் தெரியும், லேசான மணல் நிறமோ இளம் சாம்பலோ பெரும்பாலான அறைகலன்களோடு ஒத்துப்போகும். உங்களுக்குப் பிடித்த அடர் சிவப்புச் சுவரில் தவறு ஒன்றுமில்லை, ஆனால் வருபவர் எத்தனை அறையைப் பார்த்தாலும் வீட்டுக்குப் போய் "அந்தச் சிவப்புச் சுவர் வீடு" என்றுதான் பேசுவார்.

அறைகலன்களை எல்லாம் சுவரோடு ஒட்டிப் போட்டால் இடம் அதிகமாகத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நடுவில் ஒரு வெற்று மைதானம் மாதிரிதான் தெரியும். சோபாவைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, உட்கார்ந்தால் இரண்டு பேர் பேசிக்கொள்ளலாம் என்பது போல அமையுங்கள். நடக்கும் வழி 75 முதல் 90 சென்டிமீட்டர் அகலம் தடையின்றி இருக்கட்டும். தரைவிரிப்பு போட்டால் சோபாவின் முன்கால்களாவது அதன்மேல் நிற்கும் அளவுக்குப் பெரியதாக இருக்கட்டும், சின்ன விரிப்பு அறையையும் சின்னதாக்கிவிடும். ஒவ்வோர் அறைக்கும் ஒரே வேலைதான் என்று முடிவு செய்யுங்கள். பாதி படிப்பறை, பாதி சாமான் அறை என்று இருந்தால் அந்த அறை வாங்குபவர் கணக்கில் வராமலே போய்விடும்.

எல்லா அறைக்கும் ஒரே உழைப்புத் தேவையில்லை. மேலே சொன்ன 2023 கணிப்பில், எந்தெந்த அறைகளை ஒழுங்குபடுத்துவது வாங்குபவருக்கு மிக முக்கியம் என்ற கேள்விக்கு வரவேற்பறை என்று 39 சதவீதமும், பிரதான படுக்கையறை என்று 36 சதவீதமும், சமையலறை என்று 30 சதவீதமும் சொன்னார்கள். கையில் பணம் குறைவு என்றால் இந்த மூன்றோடு வாசலையும் சேர்த்துச் செய்யுங்கள். கூடுதல் படுக்கையறைகள் சுத்தமாக இருந்தாலே போதும்.

இவ்வளவையும் செய்துவிட்டு, படத்தைக் கைபேசியில் அவசரமாக எடுத்துப் போடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். வீட்டை முதலில் பார்க்கிற இடம் இப்போது திரைதான், ஸ்டேஜிங்கில் பாதி அந்தப் படத்துக்காகத்தான். கேமராவை நெஞ்சு உயரத்தில், சாய்க்காமல் நேராக வைத்து எடுக்க வேண்டும், அப்போதுதான் சுவரின் செங்குத்துக் கோடுகள் சாயாமல் நிற்கும். அறையின் மூலையிலிருந்து எடுத்தால் ஆழம் தெரியும். மிக அகன்ற லென்ஸில் எடுத்து அறையை அரங்கம் போலக் காட்டாதீர்கள், நேரில் வந்தவர் வாசலிலேயே ஏமாந்து போவார், அந்த ஏமாற்றம் கடைசிவரை அவரோடு இருக்கும். விளம்பரத்தின் முதல் படம் எது என்பதைத் தனியாக யோசித்து முடிவு செய்யுங்கள். மீதிப் படங்களைத் திறக்கலாமா வேண்டாமா என்பதை அது ஒன்றே தீர்மானித்துவிடும். எல்லாம் தயாரான பிறகுதான் விளம்பரம் போட வேண்டும். பட்டியலில் ஏறிய முதல் சில நாள்களில்தான் பார்வை அதிகம், அந்த நாள்களைப் பாதி முடிந்த வீட்டின் படத்தோடு வீணாக்கக் கூடாது.

காலி வீடாக இருந்தால் இரண்டு வழி. அறைகலன்களை வாடகைக்கு எடுத்து முக்கியமான அறைகளில் மட்டும் போடலாம். அது செலவுள்ள வழி, மாத வாடகை ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒப்பந்தக் காலத்தையும் நீட்டிப்புக் கட்டணத்தையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மற்றொன்று, காலி அறையின் படத்தில் கணினியிலேயே அறைகலன்களைச் சேர்ப்பது. இது மலிவு, வேகம். ஆனால் இது கணினியில் சேர்த்தது என்று படத்திலேயே எழுதுங்கள், மாற்றாத மூலப் படத்தையும் பக்கத்தில் வையுங்கள். கலிஃபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள், திருத்திய படம் என்பதையும் மூலப் படத்தை எங்கே பார்க்கலாம் என்பதையும் விளம்பரத்தில் சொல்லியாக வேண்டும். உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சோபாவைச் சேர்ப்பது வேறு, சுவரின் விரிசலை அழிப்பது வேறு. இரண்டாவதைச் செய்யவே கூடாது.

இதே நியதி நிஜ வீட்டுக்கும் பொருந்தும். ஈரம் கசியும் சுவரின் மேல் பெயின்ட் அடித்து விற்பது, உடைந்த ஓட்டின் மேல் விரிப்பைப் போட்டு மறைப்பது எல்லாம் ஸ்டேஜிங் ஆகாது, அது ஏமாற்று. ஒருவர் தன் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்குகிறார். அறிந்தே குறையை மறைத்தால் பல நாடுகளில் சட்டப்படியும் விற்றவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கூரை ஒழுகல், அடித்தளப் பிரச்சினை, பழுதான மின் இணைப்பு இவை இருந்தால் கையில் இருக்கும் பணத்தை முதலில் அங்கே போடுங்கள். முடியாவிட்டால் சொல்லிவிட்டு அதற்கேற்ப விலை வையுங்கள்.

எப்போது வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாங்குபவர் இடித்துவிட்டு வேறு கட்டத்தான் வாங்குகிறார், நிலத்துக்குத்தான் மதிப்பு என்றால் செலவழிக்காதீர்கள். வாடகைக்கு விட்ட வீட்டைக் குடியிருப்பவர்களோடு சேர்த்து ஒரு முதலீட்டாளருக்கு விற்பதாக இருந்தாலும் அப்படித்தான், அவர் வாடகைக் கணக்கைத்தான் பார்ப்பார். வீடு கிடைக்காமல் பலர் போட்டி போடும் சந்தையில் சுத்தமும் நல்ல படமும் போதும். விலையை அளவுக்கு மீறி வைத்திருந்தால் எந்த ஸ்டேஜிங்கும் காப்பாற்றாது. கைக்குழந்தையும் நோயாளியும் இருக்கும் வீட்டில் எப்போதும் காட்சிக்கு வைத்தது போல இருக்கச் சொல்வது நியாயமில்லை. பார்க்க வருபவர்களை வாரத்தில் இரண்டு குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் வரச் சொல்லிவிட்டு அதற்கு மட்டும் ஒழுங்குபடுத்தினால் சமாளிக்கலாம்.

இந்த வேலையில் தேர்ந்த ஒருவரை அமர்த்துவதா என்றால், வீட்டில் குடியிருப்பவர்களுக்கு முழுச் சேவை பெரும்பாலும் தேவைப்படாது. ஒரே ஒரு முறை வந்து அறை அறையாகப் பார்த்து, எதை எடுக்க வேண்டும், எதை நகர்த்த வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் ஆலோசனைச் சேவையைப் பலரும் தருகிறார்கள். வெளியாளின் கண் உங்களுக்குக் கிடைத்துவிடும், உடல் உழைப்பை நீங்களே போட்டுக்கொள்ளலாம். அமர்த்துவதற்கு முன் அவர் செய்த வேலையின் முன்னும் பின்னுமான படங்களைக் கேட்டுப் பாருங்கள், உங்கள் வீட்டின் அளவிலும் விலையிலும் உள்ள வீடுகளைச் செய்திருக்கிறாரா என்று கவனியுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். அழகாக வைத்த வீட்டைப் பார்த்தவர், அந்தத் திரை, விளக்கு, சுவர்க் கண்ணாடி எல்லாம் வீட்டோடு வரும் என்று நினைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். சாவி கொடுக்கும் நாளில் இதனால் சண்டை வருவது சாதாரணம். எவை வீட்டோடு சேர்ந்தவை, எவற்றை நீங்கள் எடுத்துப் போவீர்கள், எவை வாடகைக்கு வந்தவை என்று பட்டியல் போட்டு, விலை பேசும்போதே காட்டி, ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். நீங்கள் கண்டிப்பாக எடுத்துப் போகப் போகும் தொங்கு விளக்கு ஏதாவது இருந்தால், படம் எடுப்பதற்கு முன்பே கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிவிடுவது இன்னும் நல்லது.